யாரும் தேர்ந்தெடுக்காத 25-ஆம் நம்பர் ஆட்டக்காரர்

2012 ஆகஸ்ட். லண்டன் ஒலிம்பிக் முடிந்து அமெரிக்கா திரும்பும் விமானத்தில் பெக்கி ஹாமன் இருந்தார். வயது 35. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர், ஆனால் அந்த ஒலிம்பிக்கில் ஆடியது ரஷ்யப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று, நான்காம் இடத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார். அதே விமானத்தில் அருகே உட்கார்ந்திருந்தவர் கிரெக் பாப்போவிச். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர். ஆண்களுக்கான தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் அதற்குள் நான்கு முறை பட்டம் வென்றிருந்தவர். இருவரும் ஒரே ஊரில் வேலை பார்ப்பவர்கள், ஆனால் அதுவரை உட்கார்ந்து பேசியதில்லை.

பல மணி நேரப் பயணம். பேச்சு உலக அரசியலில் தொடங்கி எங்கெங்கோ போனது. கூடைப்பந்து பற்றிப் பேசியது கொஞ்சம்தான். நடுவில் பாப்போவிச் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் என்னிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்து, நான் உங்கள் கருத்தைக் கேட்டால், மனதில் பட்டதை அப்படியே சொல்வீர்களா? உண்மை வேண்டாமென்றால் எதற்காகக் கேட்கப்போகிறீர்கள் என்பது ஹாமனின் பதிலாக இருந்தது. தலையாட்டும் ஆட்கள் எனக்குத் தேவையில்லை என்றார் பாப்போவிச்.

அந்தக் கேள்வியின் கனம் புரிய, அன்றைய நிலவரம் தெரிய வேண்டும். என்.பி.ஏ.வின் முப்பது அணிகளில் எதிலும் சம்பளம் வாங்கும் முழுநேரப் பெண் உதவிப் பயிற்சியாளர் அதுவரை இருந்ததே இல்லை. லீசா போயர் என்பவர் 2001-02 சீசனில் கிளீவ்லாந்து அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். அது சம்பளம் இல்லாத பொறுப்பு.

ஹாமனின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த விமானத்தில் தொடங்கி, "முதல் பெண்" என்ற பட்டத்தில் முடித்துவிடுகிறார்கள். அது குறைத்துச் சொல்வதாகும் என்றே நினைக்கிறேன். பாப்போவிச் அவரைப் பயிற்சியாளர் ஆக்கவில்லை. ஏற்கெனவே பயிற்சியாளராக இருந்த ஒருவரை அடையாளம் கண்டார். அதைப் புரிந்துகொள்ள, அவர் ஆடிய விதத்தைப் பார்க்க வேண்டும்.

தெற்கு டகோட்டா மாநிலத்தின் ரேப்பிட் சிட்டி. நான்கு ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிய மவுண்ட் ரஷ்மோர் மலைக்குப் பக்கத்து ஊர். 1977 மார்ச் 11-இல் அங்கே பிறந்த ஹாமன், அண்ணனோடும் அப்பாவோடும் பந்தாடி வளர்ந்தார். அப்போது அமெரிக்காவில் பெண்களுக்கென்று நிலைத்து நின்ற தொழில்முறை லீக் எதுவும் இல்லை. டபிள்யூ.என்.பி.ஏ. லீக்கின் முதல் ஆட்டம் நடந்ததே 1997-இல்தான். ஹாமன் அப்போது கல்லூரி மாணவி.

கல்லூரி என்றால் கொலராடோ ஸ்டேட். கூடைப்பந்துக்குப் பெரிய பெயர் இல்லாத பல்கலைக்கழகம். நான்கு ஆண்டுகளில் 2,740 புள்ளிகள் குவித்தார் ஹாமன். கடைசி ஆண்டில் அணி 33 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டுமே தோற்றது. மூன்று முறை ஆல்-அமெரிக்கன் கௌரவம் கிடைத்தது. அதன் பிறகு, டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் புதிய வீராங்கனைகளை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 1999 டிராஃப்ட் வந்தது. நான்கு சுற்றுகள், ஐம்பது பெயர்கள். ஹாமனின் பெயர் அதில் இல்லை.

காரணம் ஓரளவு காலத்தின் கோலம். பெண்களுக்கான போட்டி லீக்கான அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக் 1998 டிசம்பரில் திவாலாகி மூடப்பட்டது. அதில் ஆடிய அனுபவசாலிகள் அத்தனை பேரும் அந்த ஒரே டிராஃப்டில் வந்து குவிந்தார்கள். கல்லூரி முடித்த பெண்களில் மிகச் சிலருக்கே இடம் கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் ஐந்தடி ஆறு அங்குல உயரமுள்ள, அதிவேகம் என்றும் சொல்ல முடியாத ஒரு கார்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நியூயார்க் லிபர்ட்டி அவரைப் பயிற்சி முகாமுக்கு மட்டும் கூப்பிட்டது. போனார். முகாம் முடிந்தபோது அணியில் இருந்தார்.

லிபர்ட்டியில் பாயின்ட் கார்டு டெரேசா வெதர்ஸ்பூன். 1999 இறுதிப் போட்டியில் ஆடுகளத்தின் மறுபாதியிலிருந்து பந்தை எறிந்து கூடையில் விழவைத்தாரே, அவர்தான். ஹாமன் முதல் ஆண்டுகளில் பெஞ்சில் இருந்து அவரைப் பார்த்தார். எட்டு சீசன் நியூயார்க்கில், எட்டு சீசன் சான் அன்டோனியோவில். பதினாறு ஆண்டுகளில் 5,841 புள்ளிகள், ஆறு முறை ஆல்-ஸ்டார்.

இந்த எண்களைவிட முக்கியம் அவர் ஆடிய விதம். பிக் அண்ட் ரோல் என்பது கூடைப்பந்தின் அரிச்சுவடி. உயரமான சக ஆட்டக்காரர் ஒருவர் வந்து எதிராளியை மறித்து நிற்பார். பந்து வைத்திருப்பவர் அவரை உரசிக்கொண்டு திரும்புவார். அந்த ஒரு நொடியில் எதிரணியின் இருவர் குழம்பியே ஆக வேண்டும்: பந்தைத் துரத்துவதா, மறித்தவர் கூடையை நோக்கி ஓடுகிறாரே, அவரைப் பிடிப்பதா? வேகமும் உயரமும் உள்ளவர்கள் அந்தக் குழப்பத்தைத் தாண்டி ஓடிவிடுவார்கள். ஹாமனுக்கு அது முடியாது. அதனால் அவர் குழப்பத்தை நீட்டிக்கக் கற்றுக்கொண்டார். பாதி வேகத்தில் நின்று, எதிராளியைத் தன் முதுகில் ஒட்டவைத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் உயரமானவரின் கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். சாய்ந்ததும் மறுபக்கம் பந்து போய்விடும். அல்லது, எல்லாரும் எதிர்பார்க்கும் காலுக்கு ஒரு அடி முன்னதாகவே எகிறி, தடுக்க வரும் கை எழுவதற்கு முன் பந்தை உயரமாகச் சுண்டிவிடுவார். சின்ன உருவம் உள்ளவர் அந்த லீக்கில் பதினாறு ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வேண்டுமானால், பத்துப் பேரின் கால்களையும் முன்கூட்டியே படித்தாக வேண்டும். பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார்ந்து செய்யும் வேலையும் இதுதான்.

2007-இல் லிபர்ட்டி அவரைச் சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அந்த ஆண்டே லீக்கில் அதிக அசிஸ்ட் கொடுத்தவர் அவர்தான். சிறந்த வீராங்கனை விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். அடுத்த ஆண்டு சில்வர் ஸ்டார்ஸ் இறுதிப் போட்டிக்கே போனது. அங்கே டெட்ராய்ட் ஷாக் அணி அவர்களை 3-0 என்று துடைத்துப்போட்டது. டெட்ராய்டின் பயிற்சியாளர் பில் லேம்பியர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லிபர்ட்டியோடு மூன்று முறை, சான் அன்டோனியோவோடு ஒரு முறை என நான்கு இறுதிப் போட்டிகள் கண்ட ஹாமன், ஆட்டக்காரராக ஒரு பட்டமும் வெல்லவில்லை.

2008-இல் நடந்த இன்னொன்று, இன்றும் சிலருக்கு அவர்மேல் கோபம் வரக் காரணம். சிறந்த வீராங்கனை வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தவரை, அமெரிக்க ஒலிம்பிக் அணிக்கான முதல் அழைப்புப் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்தக் காலத்தில் டபிள்யூ.என்.பி.ஏ.வின் உச்ச சம்பளமே ஒரு லட்சம் டாலரைத் தொடாது. குளிர்காலத்தில் ஐரோப்பாவில் ஆடித்தான் வீராங்கனைகள் பிழைத்தார்கள். ஹாமன் சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ கிளப்பில் ஒப்பந்தமாகி, ரஷ்யக் குடியுரிமை பெற்று, பெய்ஜிங்கில் ரஷ்யாவுக்கு ஆடினார். அமெரிக்க அணியின் பயிற்சியாளர் ஆன் டோனவன் இதை நாட்டுப்பற்று இல்லாத செயல் என்றார். அரையிறுதியில் இரு அணிகளும் மோதின. அமெரிக்கா 67-52 என்று வென்றது. அடுத்து சீனாவுக்கு எதிரான வெண்கல ஆட்டத்தில் ஹாமன் 22 புள்ளிகள் எடுத்தார். ரஷ்யாவுக்கு வெண்கலம் கிடைத்தது.

அதில் துரோகம் எதையும் நான் பார்க்கவில்லை. தொழில் தெரிந்த ஒரு பெண், தன்னைக் கூப்பிட்ட இடத்துக்குப் போனார். கூப்பிட மறந்தவர்கள் பிறகு தேசபக்தி பேசினார்கள்.

2013 ஜூலையில் ஹாமனுக்கு முழங்காலின் தசைநார் கிழிந்தது. 36 வயதில் அது பெரும்பாலும் ஆட்ட வாழ்க்கையின் முடிவு. மறுவாழ்வுச் சிகிச்சைக்காகச் சான் அன்டோனியோவிலேயே இருந்தவர், ஸ்பர்ஸ் அணியின் பயிற்சிக்கு வந்து உட்காரலாமா என்று கேட்டார். பாப்போவிச் சம்மதித்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க, சம்பளமோ பதவியோ இல்லாமல், பயிற்சியாளர்களின் கூட்டங்களிலும் ஆட்டப் படங்களை ஓடவிட்டு அலசும் அறையிலும் அவர் இருந்தார். டிம் டங்கனும் டோனி பார்க்கரும் மானு ஜினோபிலியும் ஆடிய அணி அது. அந்த சீசனில்தான் ஐந்தாவது பட்டத்தையும் வென்றது. கருத்துக் கேட்டால் ஹாமன் சொன்னார். ஒத்துப்போகாதபோது ஒத்துப்போகவில்லை என்றே சொன்னார். விமானத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது தினமும் பதில் கிடைத்துக்கொண்டிருந்தது.

2014 ஆகஸ்ட் 5-இல் ஸ்பர்ஸ் அறிவித்தது: பெக்கி ஹாமன் முழுநேர உதவிப் பயிற்சியாளர். மறு ஆண்டு லாஸ் வேகஸில் நடக்கும் கோடைக்கால லீக்கில் ஸ்பர்ஸ் இளம் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக அனுப்பப்பட்டார். பட்டத்தோடு திரும்பினார்.

பிறகு 2020 டிசம்பர் 30. கொரோனா காலம். ரசிகர்கள் இல்லாத சான் அன்டோனியோ அரங்கில் லேக்கர்ஸுக்கு எதிரான ஆட்டம். இரண்டாம் கால் பகுதியில் நடுவரிடம் கடுமையாக வாக்குவாதம் செய்ததற்காக பாப்போவிச் வெளியேற்றப்பட்டார். போகும்போது ஹாமனை நோக்கி விரலை நீட்டினார். இனி உன் பொறுப்பு. அவ்வளவுதான், விழா இல்லை, அறிவிப்பு இல்லை. அடுத்த டைம் அவுட்டில் வீரர்கள் வட்டமாக நிற்க, நடுவில் இருந்து பேசியவர் ஹாமன். என்.பி.ஏ. சீசன் ஆட்டமொன்றில் ஒரு பெண் அணியை வழிநடத்தியது அதுவே முதல் முறை. ஆட்டம் தோல்விதான், 121-107. எதிரணியில் அன்று 36-ஆவது பிறந்தநாள் கொண்டாடிய லெப்ரான் ஜேம்ஸ், ஆட்டம் முடிந்ததும் அவரை மனம் திறந்து பாராட்டினார்.

அடுத்து தலைமைப் பொறுப்புதான் என்று பலரும் நம்பினார்கள். மில்வாக்கி அணி 2018-இலேயே அவரை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. 2021-இல் போர்ட்லாந்து இறுதிச் சுற்றுவரை வைத்திருந்து, சான்சி பில்லப்ஸைத் தேர்ந்தெடுத்தது. பில்லப்ஸுக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்த அனுபவம் ஒரே ஒரு சீசன். ஹாமனுக்கு ஏழு. நேர்காணல்களில் தன்னிடம் சொல்லப்பட்ட இரண்டு குறைகளை ஹாமன் பின்னர் வெளிப்படையாகப் பேசினார்: நீங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை, சான் அன்டோனியோவைத் தவிர வேறு எங்கும் வேலை பார்த்ததில்லை.

2021-இன் கடைசி நாளில் லாஸ் வேகஸ் ஏசஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டாலர் என்று செய்திகள் வந்தன. பெண்கள் லீக்கில் அதுவரை எந்தப் பயிற்சியாளரும் பார்க்காத தொகை. ஆண்கள் லீக்கை விட்டு இறங்கி வந்துவிட்டார் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. அந்த "இறங்கி" என்ற எண்ணம்தான் பிரச்சினை. ஓர் இடத்தில் முன்வரிசை உதவியாளர் நாற்காலி. இன்னோர் இடத்தில் அணி முழுக்கத் தன் கையில். எது ஏற்றம்?

ஏசஸ் அவருக்கு அந்நிய அணியும் அல்ல. சான் அன்டோனியோவில் அவர் ஆடிய அதே அணிதான் 2018-இல் லாஸ் வேகஸுக்குக் குடிபெயர்ந்து ஏசஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அவருக்கு முன் அங்கே பயிற்சியாளராக இருந்தவர், 2008-இல் அவரை இறுதிப் போட்டியில் துடைத்துப்போட்ட அதே பில் லேம்பியர். லேம்பியர் பழைய பாணிக்காரர். உயரமானவர்களைக் கூடைக்கு அருகில் நிறுத்தி, பந்தை அங்கே கொண்டுசேர்ப்பதுதான் அவர் வழி. லீக்கிலேயே மிகக் குறைவாக மூன்று புள்ளி எறியும் அணியாக ஏசஸ் இருந்தது. திறமைக்குக் குறைவில்லை, ஆடுகளத்தில் இடம்தான் இல்லை.

ஹாமன் செய்தது இதுதான்: ஆடுகளத்தை அகலப்படுத்தினார். ஐந்து பேரும் வெளியே விரிந்து நிற்க, நடுவில் வெற்றிடம். ஏஜா வில்சன் கூடைக்கு முதுகைக் காட்டி நிற்பதற்குப் பதிலாக, வெளியிலிருந்து ஓடிவந்து பந்தை வாங்கினார். பெஞ்சிலிருந்து வந்து ஆடிக்கொண்டிருந்த கெல்சி பிளம் தொடக்க ஐவரில் ஒருவரானார். தயங்கித் தயங்கி எறிந்துகொண்டிருந்த ஜாக்கி யங், யோசிக்காமல் எறியத் தொடங்கினார். ஒரே ஆண்டில் மூன்று புள்ளி எறிவதில் ஏசஸ் லீக்கின் முன்வரிசைக்கு வந்தது. சின்ன உருவத்தோடு பதினாறு ஆண்டுகள் இடுக்குகளைத் தேடியவருக்கு, இடத்தை உண்டாக்குவது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

2022: 26 வெற்றி, 10 தோல்வி. ஏஜா வில்சனுக்குச் சிறந்த வீராங்கனை விருது, ஜாக்கி யங்குக்கு அதிக முன்னேற்றம் கண்டவர் விருது, ஹாமனுக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது. கனெக்டிகட் சன் அணியை 3-1 என்று வென்று பட்டம். ஆட்டக்காரராகப் பதினாறு ஆண்டுகள் எட்டாதது, பயிற்சியாளராக முதல் சீசனிலேயே கைக்கு வந்தது.

இந்த இடத்தில் ஒரு கறையையும் சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரியில் அணியின் டெரிக்கா ஹாம்பி லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்பார்க்ஸுக்கு மாற்றப்பட்டார். தான் கர்ப்பமாக இருப்பது தெரிந்த பிறகு அணி தன்னை நடத்திய விதம் மாறிவிட்டது என்று அவர் பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார். லீக் விசாரித்தது. ஹாம்பியின் கர்ப்பம் பற்றி ஹாமன் பேசியவை பணியிட மரியாதைக்கான விதிகளை மீறியவை என்று முடிவு செய்து, இரண்டு ஆட்டங்களுக்குச் சம்பளமில்லாத தடை விதித்தது. கர்ப்பம் காரணமாக அவரை மாற்றவில்லை என்று ஹாமன் மறுத்தார். 2024-இல் ஹாம்பி வழக்கும் தொடுத்தார். பெண்களுக்கு இடம் கிடைப்பதைப் பற்றிய ஒரு கதையின் நாயகி மீதே லீக்கின் இப்படி ஒரு முடிவு விழுந்தது சிறிய விஷயமல்ல. அவரைக் கொண்டாடும் கட்டுரைகள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவது ஹாம்பிக்குச் செய்யும் அநியாயம்.

அந்த 2023 சீசனில் ஏசஸ் 34 ஆட்டங்களில் வென்று ஆறில் மட்டுமே தோற்றது. இறுதிப் போட்டியில் எதிரே நின்றது நியூயார்க் லிபர்ட்டி, ஹாமனை முதன்முதலில் உள்ளே விட்ட அணி. நான்காவது ஆட்டம் புரூக்ளினில். பாயின்ட் கார்டு செல்சி கிரேயும் சென்டர் கியா ஸ்டோக்ஸும் காயத்தால் ஆட முடியாத நிலை. தொடக்க ஐவரில் இருவர் இல்லை. ஹாமன் ஆஸ்திரேலியாவின் கேலா ஜார்ஜைத் தொடக்கத்தில் இறக்கினார். சீசன் முழுக்க அதிகம் ஆடாத சிட்னி கோல்சனுக்கும் நேரம் கொடுத்தார். உயரமானவர்கள் யார், எறிபவர்கள் யார் என்று லிபர்ட்டி போட்டிருந்த கணக்கு அத்தனையும் கலைந்தது. ஏஜா வில்சன் 24 புள்ளி, 16 ரீபவுண்ட். கடைசி நொடிகளில் ஏசஸ் 70-69 என்று ஒரு புள்ளி முன்னிலை. பந்து லிபர்ட்டியிடம். முக்கியமானவர்கள் எறிய வழியில்லாதபடி மறிக்கப்பட, பந்து மூலையில் நின்ற கோர்ட்னி வாண்டர்ஸ்லூட்டிடம் போனது. அவர் எறிந்தது விழவில்லை. 2002-க்குப் பிறகு தொடர்ந்து இரண்டு பட்டம் வென்ற முதல் அணி ஏசஸ்தான். அந்த ஆகஸ்டில் ஹாமன் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு, அதே மேடையில் பாப்போவிச்சும்.

2024 சரிவு. அரையிறுதியில் லிபர்ட்டி பழிதீர்த்தது. கெல்சி பிளம் வேறு அணிக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜுவல் லாய்ட்.

ஒரு பயிற்சியாளரின் தரத்தை 34-6 என்ற சீசனைவிட 2025 நன்றாகக் காட்டியது என்பேன். ஆகஸ்ட் 2-ஆம் தேதி, சொந்த மைதானத்திலேயே மினசோட்டா லிங்க்ஸ் அணியிடம் 111-58 என்று ஏசஸ் தோற்றது. 53 புள்ளி வித்தியாசம். 14 வெற்றி, 14 தோல்வி. பிளே-ஆஃபுக்குப் போகுமா என்பதே சந்தேகம். அந்தத் தோல்விக்குப் பின் ஏஜா வில்சன் சக வீராங்கனைகளுக்கு அனுப்பிய செய்தி வெளியே வந்தது: நேற்று நடந்தது அவமானமாக இல்லை என்றால் பயிற்சிக்கு வரவேண்டாம். பயிற்சியாளர் கத்தவேண்டியதை வீராங்கனையே சொல்லும் அணியை ஒரே நாளில் உருவாக்கிவிட முடியாது.

நட்சத்திரமான ஜுவல் லாய்ட், தான் பெஞ்சிலிருந்து வந்து ஆடுவதாகத் தானே முன்வந்தார். ஹாமன் ஏற்றுக்கொண்டார். ஏசஸ் சீசனின் மிச்சம் பதினாறு ஆட்டங்களையும் வென்றது. பதினாறுக்குப் பதினாறு. பிளே-ஆஃபில் சியாட்டிலிடம் ஒரு புள்ளியில் தப்பியது. இண்டியானாவை ஐந்தாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் வென்றது. இறுதிப் போட்டியில் ஃபீனிக்ஸ் மெர்க்குரியை 4-0. நான்கு ஆண்டுகளில் மூன்றாவது பட்டம்.

ஹாமனுக்குப் பிறகு என்.பி.ஏ. பெஞ்சுகளில் பெண்கள் உட்காருவது செய்தியாக இல்லாமல் போனது. நான்சி லீபர்மன், ஜென்னி பௌசெக், காரா லாசன் என்று வரிசை நீண்டது. அவருக்கு லிபர்ட்டியில் மூத்தவராக இருந்த டெரேசா வெதர்ஸ்பூனும் நியூ ஆர்லியன்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளரானார். ஆனால் தலைமை நாற்காலியில் ஒரு பெண் இன்னும் உட்காரவில்லை. தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை என்றார்கள், இப்போது மூன்று கோப்பைகள் இருக்கின்றன. சான் அன்டோனியோ மட்டும்தானே என்றார்கள், லாஸ் வேகஸில் ஓர் அணியையே திருத்தி எழுதிவிட்டார். மூன்றாவது காரணம் ஏதாவது இருந்தால், அதை அந்த முப்பது அணிகளின் உரிமையாளர்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.